பேப்பரே இல்லாத மேசைக்கு ஒரு பேப்பர் வெயிட்டு

மாப்ளே, நீ வாட்ஸ்அப்புல அனுப்புன படம் வந்து சேந்துச்சு. "மாமா, ஊருக்கு வரும்போது இந்த மாதிரி ஆர்ட் கிளாஸ் பேப்பர் வெயிட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, என் டேபிள்ல வைக்கணும்"னு நீ பேசி அனுப்புனதையும் கேட்டேன். ரொம்ப சந்தோசம். உன் மேசையை நான் பாத்திருக்கேன். ஒரு லேப்டாப்பு, ஒரு காபி கப்பு, பின்னிக் கிடக்குற ரெண்டு சார்ஜர் வயரு. காகிதம்னு தேடுனா, ஹோட்டல் சாப்பாட்டுப் பொட்டலத்து மேல ஒட்டிட்டு வர்ற பில்லு மட்டுந்தான். அது பறந்துரக் கூடாதேன்னு நீ கவலைப்படுறதும் நியாயந்தான்.

எங்க காலத்துல இந்தச் சாமானுக்கு வேலை இருந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல மேல ஃபேன் கடகடன்னு ஓடும். குமாஸ்தா மேசையில பச்சையும் நீலமுமா, உள்ள குமிழி விட்ட ஒரு கண்ணாடிக் கட்டி இருக்கும். பட்டா மாத்த நாம எழுதிக் குடுத்த மனுவை அதுக்கு அடியில வச்சிட்டு, அடுத்த வாரம் வாங்கம்பாரு. அடுத்த வாரம் போனா மனு அதே இடத்துல இருக்கும். அடுத்த வருசம் போனாலும் அங்கதான். அம்புட்டு நல்ல வெயிட்டு அது. ஒரு காகிதத்தைக்கூட நகர விடாது.

நீ கேக்குறது அந்த ஜாதி இல்லைன்னு எனக்குத் தெரியும். தெளிஞ்ச கண்ணாடிக்குள்ள ஒரு செடி, அதுல பூ, பூ மேல தேனீ, மண்ணுக்குக் கீழ வேரு. படத்தைப் பெருசு பண்ணிப் பாத்த என் மக (உனக்குக் குடுக்காம தப்பிச்சாளே, அவளேதான்) "அப்பா, இது பால் ஸ்டான்கார்டு வேலை மாதிரி இருக்கு. நம்ம நியூஜெர்சி ஆளு"ன்னா. விலையையும் அவளே தேடிச் சொன்னா. நான் எந்திரிச்சுப் போய் ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு வந்தேன். அந்த விலையில நம்ம ஊர்ல ரெண்டு கறவை மாடு பிடிக்கலாம். ஆனா ரெண்டு மாட்டை மேசையில வைக்க முடியாது, உன் கஷ்டம் எனக்குப் புரியுது.

சரி, காசு உன்னுது. ஆனா வாங்குறவனுக்கு, தான் என்ன வாங்குறோம்னு தெரியணும். அதனால ஒரு சனிக்கிழமை அவ என்னை மில்வில்லுக்குக் கூட்டிட்டுப் போனா. நியூஜெர்சிக்குத் தென்பக்கம் இருக்கு. அந்தச் சீமை முழுக்க மணல். நல்ல மணலும் எரிக்க விறகும் கிடைச்சதால 1739-லயே காஸ்பர் விஸ்டர்னு ஒருத்தர் அந்த வட்டாரத்துல கண்ணாடி ஆலை போட்டுட்டாரு. இப்ப மில்வில்ல வீட்டன் ஆர்ட்ஸ்னு ஒரு இடம் இருக்கு. 1888-ல ஓடுன ஒரு கண்ணாடி ஆலையை அப்படியே திரும்பக் கட்டி வச்சு, அதுல உலையும் போட்டு, சனங்க உக்காந்து பாக்கப் படிக்கட்டும் வச்சிருக்கான். உள்ள நுழைஞ்சா வைக்கோல் படப்புல தீப்பிடிச்ச மாதிரி முகத்துல அனல் அடிக்குது. உங்க அத்தை அஞ்சே நிமிசத்துல வெளிய போய் ஐஸ்கிரீம் கடையில நின்னுக்கிட்டா.

முதல்ல அந்த ஊரு ரோசாவைச் சொல்லிடுறேன், ஏன்னா எனக்குப் பிடிச்சது அதுதான். அங்க விட்டால் டாட்டம்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. மருந்து பாட்டிலு செய்யுற கம்பெனி. பகல் முழுக்க பாட்டிலு, மறுநாளும் பாட்டிலு, சாகுற வரைக்கும் பாட்டிலு. அந்த வேலைக்காரங்க ஓய்வு நேரத்துல, உலையில மிஞ்சுன கண்ணாடியை எடுத்துத் தங்களுக்குன்னு எதையாவது செஞ்சு பாத்துக்குவாங்க. அதுல பிறந்ததுதான் மில்வில் ரோசா. ரால்ஃப் பார்பர்னு ஒருத்தர் 1905 வாக்குல அதுல கை தேர்ந்தவரு. சூடான கண்ணாடி உருண்டையோட ஒரு முகத்துல சிவப்புக் கண்ணாடியை ஒட்டி, இதழ் இதழா வெட்டுன ஒரு உலோக அச்சை அது வழியா உள்ள குத்துவாங்க. சிவப்பு மடிஞ்சு மடிஞ்சு உள்ள ஏறும். அச்சை உருவிட்டா, கண்ணாடிக்கு நடுவுல ஒரு ரோசா நிக்கும். அந்த அச்சை ஒருத்தன் இன்னொருத்தன் கண்ணுல காட்ட மாட்டான், பூட்டி வச்சுக்குவான். முதலாளி சொல்லிச் செஞ்ச பாட்டிலு கோடிக்கணக்குல போச்சு, குப்பையிலதான் கிடக்கு. யாரும் கேக்காம செஞ்ச ரோசா இன்னைக்கு மியூசியத்துல பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. இதை உன் மேனேஜர்கிட்ட சொல்லிப் பாரு, வேலை நேரத்துல செல்போன் நோண்டுறதுக்கு உதவும்.

இதுக்கு முந்தின கதை பெரிய ஊர்க் கதை, சுருக்கமா கேட்டுக்கோ. 1840-ல இங்கிலாந்துல ஒரு பென்னிக்குத் தபால் வந்துச்சு. சனங்க கடிதம் எழுதித் தள்ள ஆரம்பிச்சாங்க. கடிதம் எழுதுறவனுக்கு மேசைச் சாமான் வேணும்ல? 1845-ல வெனிஸ்காரர் பியெட்ரோ பிகாக்லியா வியன்னா கண்காட்சியில கண்ணாடி வெயிட்டைக் கொண்டுபோய் வச்சாரு. பிரான்சுல பக்கரா, செயின்ட் லூயி, கிளிஷின்னு மூணு ஆலைக்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பதினஞ்சு வருசம் அப்படி ஒரு ஆட்டம். 1860-க்கு அப்புறம் மவுசு போச்சு. செய்யத் தெரிஞ்சவங்களும் ஒவ்வொருத்தரா மண்ணுக்குள்ள போனாங்க. ரெண்டாம் உலகப் போருல குண்டு விழுந்த பக்கரா சர்ச்சோட மூலைக்கல்லுக்குள்ள 1853-ன்னு தேதி போட்ட வெயிட்டு ஒண்ணு கிடைச்சப்ப, அதைச் செஞ்ச அதே கம்பெனிக்காரன் அதைக் கையில வச்சுக்கிட்டு, இதை எப்படிச் செஞ்சாங்கன்னு மண்டையைச் சொறிஞ்சான். தாத்தா வைச்ச சாமானைப் பேரன் முதல்ல இருந்து கத்துக்க வேண்டியதாப் போச்சு. நம்ம வீட்டுல ஆட்டுக்கல்லைக் காட்டி "இது என்ன தாத்தா"ன்னு உன் பையன் கேட்டானே, அதை நான் இங்க இழுக்கல.

இப்ப உலைக்கு வா. உள்ள கண்ணாடி 1,100 டிகிரி வாக்குல பாகாக் கிடக்கு. நீளமான இரும்புக் கம்பியை விட்டுச் சுத்துனா நுனியில ஒரு கவளம் ஒட்டிக்கிட்டு வருது. அதுல இருந்து கம்பியைச் சுத்திக்கிட்டே இருக்கணும். நிறுத்துனா கண்ணாடி ஒரு பக்கமா வழிஞ்சு தரைக்குப் போயிரும். பேசும்போதும் சுத்தணும், மூக்கு அரிச்சாலும் சுத்தணும். அங்க கம்பி சுத்துன பையனுக்கு உன்னைவிட வயசு கம்மி. ஒரு மீட்டிங்குல அரை மணி நேரம் நீ ஒரு இடத்துல உக்கார மாட்ட, அவன் அந்தக் கம்பியை ஒரு தடவைகூட நிறுத்தல.

அப்புறம் இரும்பு மேசையில கொட்டி வச்சிருக்குற வண்ணக் கண்ணாடிப் பொடியில அதைப் புரட்டி எடுக்குறான். இன்னொரு அடுப்புல காட்டி இளக்குறான். இடுக்கியால பிடிச்சு முறுக்குறான். கூரான முள்ளால அங்கங்க குத்துறான். குத்துன பள்ளத்தோட மறுபடியும் உலையில முக்கி மேல ஒரு கண்ணாடிப் போர்வை போத்துனா, பள்ளத்துல மாட்டுன காத்து வெள்ளி முத்தா மாறிடுது. அப்ப பாத்துக்கோ, வரிசையா ஒழுங்கா நிக்கிற குமிழி அவன் வேணும்னு வச்சது. தன்னந்தனியா ஓரத்துல நிக்கிற குமிழி கை தவறுனது. விக்கிறவன் ரெண்டையும் "பனித்துளி"ம்பான். நீ தலையாட்டிடாத.

உருட்டி வடிவம் கொண்டுவர, குடைஞ்ச மரக் கரண்டி ஒண்ணு வச்சிருக்கான். செர்ரி மரம், ஆப்பிள் மரம் மாதிரிப் பழ மரத்துல செஞ்சது, தண்ணியிலயே ஊறிக் கிடக்கும். அதுல வச்சு உருட்டுனா நீராவி கிளம்பி மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நின்னுக்குது. கடைசியா அவன் எடுத்த ஆயுதத்தைப் பாத்துத்தான் நான் சிரிச்சேன்: நல்லா மடிச்சு நனைச்ச நியூஸ் பேப்பரு. அதை உள்ளங்கையில விரிச்சு வச்சு, அந்தத் தீக்கட்டியைத் தடவிக் குடுக்குறான். ஒரு பேப்பர் வெயிட்டு தன் வாழ்நாள்ல தொடுற ஒரே பேப்பரு அதுவாத்தான் இருக்கும்.

பழைய பிரெஞ்சுக்காரன் வழி வேற. கண்ணாடிக்குள்ள நூறு குட்டிப் பூ வட்ட வட்டமா அடுக்கி இருக்கும் பாரு, மில்லெஃபியோரின்னு சொல்லுவாங்க. அது எப்படின்னா, நம்ம திருவிழாவுல ஜவ்வு மிட்டாய்க்காரன் கலர் பட்டையை வச்சு இழுப்பானே, அதே இழுப்புதான். ஒரு தடிச்ச கண்ணாடிக் கட்டையில நடுவுல ஒரு நிறம், சுத்தி நட்சத்திர அச்சுல அமுக்கி இன்னொரு நிறம்னு அடுக்கிக்கிட்டே போவாங்க. நல்லாச் சூடாக்கி, ரெண்டு பேரு ரெண்டு முனையைப் பிடிச்சு, எதிரும் புதிருமா நடந்து போவாங்க. கட்டை பல கஜ நீளத்துக்குக் குச்சியா இழுபடும். குச்சி பென்சிலை விடச் சன்னமாப் போனாலும் உள்ள இருக்குற நட்சத்திரம் கலையாது, சிறுத்துக்கிட்டே போகும். ஆறுனதும் துண்டு துண்டா நறுக்கி, இடுக்கியால ஒவ்வொண்ணா இரும்பு வளையத்துக்குள்ள நிக்க வச்சு, சூடேத்தி, மேல இருந்து கண்ணாடிக் கவளத்தை இறக்கி அள்ளிக்குவாங்க. மேல ஏத்துற வளைஞ்ச கண்ணாடி பூதக்கண்ணாடி வேலையும் பாக்குது. நீ பாக்குற பூ, நீ நினைக்கிற அளவுல இல்ல மாப்ளே. பக்கவாட்டுல குனிஞ்சு பாரு, அளவு மாறிப் போயிரும். பொண்ணு பாக்கப் போற இடத்துலயும் இந்தக் குனிஞ்சு பாக்குற புத்தி இருந்திருக்கலாம், விடு.

நீ கேட்ட தேனீயும் பூவும் மூணாவது ரகம். அதை உலையில செய்ய முடியாது. மேசையில ஒரு கேஸ் பர்னரு, ஆக்சிஜன் கலந்த நீலச் சுடரு. கையில வண்ணக் கண்ணாடிக் குச்சி. உருக்கி உருக்கி ஒவ்வொரு இதழு, ஒவ்வொரு மகரந்தக் காம்பு, தேனீயோட ஒவ்வொரு காலுன்னு ஒட்டணும். முடிச்ச செடியைத் தனியாச் சூடேத்தி வச்சிருந்து, அதைச் சுத்தி உருகுன தெளிகண்ணாடியை இறக்கணும். நடுவுல காத்து மாட்டுனா தேனீ குமிழிக்குள்ள செத்த மாதிரி தெரியும். அதனால பம்பு வச்சுக் காத்தை உறிஞ்சிக்கிட்டே கண்ணாடியை மூட வைக்கிறாங்க. இதுக்கும் மேல ஒரு கண்டம் இருக்கு. சூட்டுக்கு ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு அளவு விரியும், ஒரு அளவு சுருங்கும். பூவுக்கு ஒரு ஜாதிக் கண்ணாடி, போர்வைக்கு வேற ஜாதிக் கண்ணாடின்னு வச்சுட்டா, ஆறும்போது ஒண்ணு சீக்கிரம் சுருங்கும், இன்னொண்ணு விட்டுக் குடுக்காது. விடிஞ்சு பாத்தா ரெண்டாப் பிளந்து கிடக்கும்.

எல்லாம் சரியா வந்தாலும் ஆற வைக்கிறதுல சிக்கல். வெளிப்பக்கம் இறுகிரும், உள்ள இன்னும் கொதிச்சுக்கிட்டிருக்கும். அப்படியே வெளிய வச்சா வெடிச்சிரும். அதனால 500 டிகிரி பக்கத்துல ஒரு அடுப்புல நிறுத்தி வச்சு, சூட்டைக் கொஞ்சங் கொஞ்சமா இறக்கணும். சின்னதுக்கு ஒரு ராத்திரி, பெருசுக்குப் பல நாள். இதே கண்ணாடி விதிப்படிதான், கலிபோர்னியாவுல பாலோமர் மலைத் தொலைநோக்கிக்கு 1934-ல கார்னிங் கம்பெனி வார்த்த 200 அங்குலத் தட்டை ஆற வைக்கப் பத்து மாசம் ஆச்சு. காலையில ஆர்டர் போட்டுச் சாயங்காலம் "டெலிவரி எங்க"ன்னு கேக்குற உன் வர்க்கத்துக்கு இந்த வியாபாரம் ஒத்து வராது.

ஆறுனதுக்கு அப்புறமும் விட மாட்டான். அடியைச் சாணைச் சக்கரத்துல தேய்ச்சு மட்டம் பண்ணி, சீரியம் ஆக்சைடுப் பொடி போட்டு மெருகு ஏத்துறான். சில வெயிட்டுல பக்கவாட்டுல வட்டமா சன்னல் வெட்டி வைக்கிறதும் உண்டு. எத்தனை சன்னலோ அத்தனை சன்னலுக்குள்ளயும் அதே பூ குட்டியாத் தெரியும். அந்தச் சன்னல் வெட்டும்போதும் ஒரு விரிசல் விட்டுச்சுன்னா, அதுவரைக்கும் பாத்த வேலை அத்தனையும் கூடைக்குள்ள. நீ குடுக்குற விலையில பாதி, கூடைக்குள்ள போனதுக்குத்தான்.

பால் ஸ்டான்கார்டு கதையைச் சொல்றேன், உன் பையனுக்குச் சொல்ல உதவும். எழுத்துக் கூட்டி வாசிக்கவே தடுமாறுன மனுசன், டிஸ்லெக்சியா. தொழிற்பள்ளியில சேந்து, ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் ஊதுற வேலை கத்துக்கிட்டு, பத்து வருசம் போல அதே வேலையில இருந்தவரு. வீட்டுல ஒதுக்குப்புறமா உக்காந்து பூ செஞ்சு பாத்து, 1972 வாக்குல குழாயை விட்டுட்டுப் பூவுக்கே வந்துட்டாரு. காட்டுப்பூதான் செய்வாரு. வேரைக் கூர்ந்து பாத்தா அதுல சின்னச் சின்ன மனுச உருவம் புதைஞ்சு கிடக்கும். "விதை" மாதிரிச் சொல்லு எழுதுன எழுத்துக் குச்சியையும் உள்ள ஒளிச்சு வைப்பாரு. நியூயார்க்குல மெட்ரோபாலிட்டன் மியூசியத்துலயும், லண்டன்ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துலயும் அவரு வேலை இருக்கு. உன் மேசைக்கும் அந்த மியூசியத்துக்கும் நடுவுலதான் போட்டின்னு நினைச்சுக்கோ, தப்பில்ல.

ஸ்காட்லாந்துக்காரங்களையும் விட்டுர முடியாது. பார்சிலோனாவுல பிறந்து, சின்னப் பையனா குடும்பத்தோட ஸ்காட்லாந்து வந்த பால் யிசார்ட்டுதான் அங்க இந்தத் தொழிலுக்கு வேரு. தன் பேரோட முதல் எழுத்து ரெண்டையும் குட்டிக் குச்சியா இழுத்து உள்ள பதிச்சு வைப்பாரு. வடகோடியில விக்குன்னு ஒரு மீன்பிடி ஊரு. மீன் வருமானம் குறைஞ்சதும் பிழைக்க வழி வேணும்னு 1961-ல கெய்த்னஸ் கிளாஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அங்கதான் 1969-ல காலின் டெரிஸ் வரைஞ்சு குடுத்து, பீட்டர் ஹோம்ஸ் செஞ்சு, கோளுங்க பேருல நாலு வெயிட்டு வந்துச்சு. பூவும் இல்ல, குச்சியும் இல்ல, கண்ணாடியும் நிறமும் குமிழியுந்தான். நிலாவுல ஆளு இறங்குன வருசம். இன்னைக்கு நீ கடையில பாக்குற சுழிச்சு முறுக்குன புதுமோஸ்தர் வெயிட்டுங்களுக்கு அதைத்தான் தாத்தான்னு சொல்லணும். கிரீஃப் ஊருல ஸ்டூவர்ட் டிரைஸ்டேல்னு ஒரு வக்கீலு 1968-ல பெர்த்ஷயர் பேப்பர்வெயிட்ஸ் ஆரம்பிச்சு, பழைய பிரெஞ்சுக்காரனுக்குச் சமமா மில்லெஃபியோரி செஞ்சாரு. 2002-ல அதை மூடிட்டாங்க. வக்கீல் தொழில்ல இருந்துருந்தா மூடியிருக்க வேண்டியதில்ல.

இன்னொருத்தரு ஜோஷ் சிம்ப்சன், மாசசூசெட்ஸ்காரரு. கண்ணாடிக்குள்ள கடலும் தீவும் மேகமுமா முழு உலகத்தையே செய்வாரு. நூறு பவுண்டுக்கு மேல எடை வர்ற ஒண்ணு கார்னிங் மியூசியத்துல இருக்கு. அதைத் தூக்கி வைக்கணும்னா காகிதத்தை விட்டுட்டு மேசையைப் பத்தித்தான் யோசிக்கணும். இந்த மனுசன் 1976-ல இருந்து ஒரு கிறுக்குத்தனம் பண்றாரு: தான் செஞ்ச குட்டி உலகங்களைக் காட்டுலயும் மேட்டுலயும் யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சிட்டு வர்றது. ஊருல உள்ளவங்களும் எங்க ஒளிச்சு வைப்போம்னு எழுதி அனுப்பி, அது அவருக்குப் பிடிச்சிருந்தா, ரெண்டு குடுப்பாரு. ஒண்ணு ஒளிச்சு வைக்க, ஒண்ணு வச்சுக்க. நீ எழுதிப் போடு மாப்ளே. நம்ம கண்மாய்க் கரையில ஒளிச்சு வைப்பேன்னு எழுது. ஆனா நம்ம பயலுக மறுநாளே எடுத்துக் கோலி விளையாடிருவாங்கங்கறதை எழுதாத.

பெரிய மனுசங்களுக்கும் இந்தப் பித்து பிடிச்சிருக்கு. பிரெஞ்சு எழுத்தாளர் கொலெட் அம்மா தன்கிட்ட இருந்த பக்கரா வெள்ளை ரோசாவை, பாக்க வந்த ட்ரூமன் கப்போட்டிக்குத் தூக்கிக் குடுத்தாங்க. அதுல இருந்து அவரும் சேக்க ஆரம்பிச்சு, கடைசி வரைக்கும் விடல. சிகாகோவுல ரியல் எஸ்டேட்டுல சம்பாதிச்ச ஆர்தர் ரப்லாஃப் ஆயிரத்துக்கு மேல சேத்து வச்சு, 1978-ல ஊரு மியூசியத்துக்கே எழுதிக் குடுத்துட்டாரு. நம்ம ஊர் ரியல் எஸ்டேட்டுக்காரங்க சேக்குறது வேற, அந்தப் பேச்சு வேண்டாம்.

இப்ப என் யோசனை. ஸ்டான்கார்டு உனக்கு வேண்டாம், அதுக்கு ஆகுற இன்சூரன்சுக்கே உன் சம்பளம் பத்தாது. மூணு அங்குலத்துல ஒண்ணு, அரைக் கிலோவுக்கு மேல வரும். பெட்டிக்கு 23 கிலோதான்னு விமானத்துல கணக்கு. உங்க அத்தை பாதாமும் சாக்லேட்டும் அடைச்சது போக என் வேட்டிக்கே இடம் இல்ல. ஆனாலும் ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். மில்வில்ல அந்தக் கம்பியை நிறுத்தாம சுத்துன பையன் செஞ்சதையே வாங்குறேன். ரோசா ஒண்ணு, கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் இருக்கு. கடையில வாங்குறதா இருந்தா கவுத்துப் பாத்துட்டு வாங்கு. அடி மெருகா இருக்கா, பேரோ எழுத்தோ பொறிச்சிருக்கா, பூ நடுவுல நிக்குதா, நகத்தால தடவுனா எங்கயாவது சில்லு மாட்டுதா, இதெல்லாம் பாரு. "லிமிட்டெட் எடிஷன்"னு சொன்னா எத்தனைன்னு கேளு. எண்ணிக்கை சொல்ல முடியாதவன்கிட்ட வாங்காத. அழுக்கானா வெதுவெதுப்பான தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவு. கொதிக்கிற தண்ணி படக் கூடாது.

அப்புறம், நான் வந்து சேர்றதுக்குள்ள உன் மேசையைச் சன்னல் பக்கத்துல இருந்து தள்ளிப் போட்டுரு. கண்ணாடி உருண்டை மேல வெயில் நேரா விழுந்தா ஒரே புள்ளியில குவிஞ்சு துணி, மரம், காகிதம் எல்லாத்தையும் பொசுக்கும். பேப்பர் வெயிட்டால தீப்பிடிச்ச வீடு நிசமாவே உண்டு.